மூன்றாம் கட்டத்தில் நான் போட்ட சரி

எங்கள் அலுவலகத்தில் இனிமேல் மென்பொருள் பொதிகளை ஒரே வடிவத்தில்தான் வெளியிடப் போகிறார்களாம். நான் ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. என் இடத்துக்கு வந்திருக்கும் நிரோஷா போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு இதைச் சொன்னாள்.

“சரோஜாக்கா, பழைய வடிவத்த நிப்பாட்டுறோம். இப்ப புது வடிவத்தையே பழைய புரோகிராமும் எடுத்துக்குது. ரெண்டு வடிவம் செஞ்ச காலத்தப் பத்தி ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்களேன். புதுசா வந்தவங்களுக்கு ஒன்னும் தெரியல.”

“தெரியாம இருக்கிறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்,” என்றேன்.

“அக்கா, வெளையாடாதீங்க.”

நான் விளையாடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அந்தக் காலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் எழுத வரும் என்று. அவர் பவானி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர், என் மேலதிகாரி, அந்த அலுவலகத்தில் எனக்கிருந்த ஒரே சிநேகிதி. நான் பேனாவால் போட்ட ஒரு சரியால் அவர் வேலையை விட்டுப் போனார். போகும்போது என்னை வெறுத்துக்கொண்டு போனாரா இல்லையா என்று தெரியாமலே ஐந்து வருடத்துக்கு மேல் அவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தேன். பள்ளியில் உயர்தரம் முடித்துவிட்டு தோட்டத்து ஆபீஸில் தட்டச்சு அடித்தேன். அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது தொட எல்லோரும் பயந்தார்கள், நான் தொட்டேன். அதிலிருந்து ஹட்டனில் ஒரு வகுப்பு, பிறகு இன்னொரு வகுப்பு. நாற்பது வயதில், பிள்ளைகள் வயதுள்ளவர்களோடு வரிசையில் நின்று நேர்முகத் தேர்வுக்குப் போய், ஹட்டன் கடைத்தெருவில் இரும்புக் கடைக்கு மேலே இரண்டு அறையில் இயங்கிய எங்கள் கம்பனியில் சேர்ந்தேன்.

தோட்டங்களில் மழையை அளக்கும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. மழைமானியில் விழுகிற தண்ணீரை எண்ணி, கூட்டி, குறித்த அளவைத் தாண்டினால் சொல்ல வேண்டிய இடத்துக்குச் சொல்லும் பகுதியைத் தனிப் பொதியாக வைத்திருந்தோம். யாரும் இறக்கி எடுத்துத் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளலாம். அதை எழுதியது டைப்ஸ்கிரிப்டில். இது எண், இது சொல், இது நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் வகை குறித்து எழுதும் மொழி. எழுதியபடியே அது எந்த மெஷினிலும் ஓடாது. ஓடக்கூடிய சாதாரண ஜாவாஸ்கிரிப்டாக மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தைத்தான் நாங்கள் இரண்டு தடவை செய்தோம். ‘ரிக்வயர்’ என்று கேட்டு வாங்குகிற பழைய புரோகிராம்களுக்கு ஒரு வடிவம், ‘இம்போர்ட்’ என்று கேட்கிற புதியவற்றுக்கு இன்னொரு வடிவம். பொதியின் முகப்பில் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். இப்படிக் கேட்டு வந்தால் இந்த வாசலுக்குப் போ, அப்படிக் கேட்டு வந்தால் அந்த வாசலுக்குப் போ என்று அது வழி சொல்லும்.

ஒரே மூலம், இரண்டு வடிவம். கேட்க இவ்வளவுதான். இதற்குள் என்னென்ன தொல்லை உண்டு என்பதைப் பவானி மிஸ் எனக்கு முதல் மாதத்திலேயே காட்டினார்.

நான் தனியாகச் செய்த முதல் வெளியீடு அது. என் மெஷினில் எல்லாச் சோதனையும் பச்சை. பெருமையோடு போய், “முடிஞ்சிருச்சுங்க மிஸ்,” என்று நின்றேன்.

“எங்க வச்சுப் பாத்தனீர்?”

“என் மெஷின்லதாங்க.”

“உம்மட வீட்டுக்குள்ள நீர் இருட்டிலயும் நடப்பீர். வெளியில இருந்து வாறவன் எப்பிடி வருவான் எண்டு பாத்தனீரோ?”

ஜன்னலோரம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் எங்கள் கோப்புகள் ஒன்றும் இருக்காது. யாரும் அதில் வேறு வேலை செய்யக்கூடாது என்பது மிஸ்ஸின் சட்டம். பொதியைக் கட்டி, அந்தக் கட்டை மட்டும் அதற்குக் கொண்டுபோய், வெறுமையான ஒரு கோப்புறையில் இறக்கி, மூன்று வரிப் புரோகிராம் எழுதச் சொன்னார். பழைய விதமாகக் கேட்டேன், வந்தது. புதிய விதமாகக் கேட்டேன், கோப்பைக் காணோம் என்று சிவப்பாக விழுந்தது. உள்ளே ஒரு கோப்பு இன்னொரு கோப்பைக் கூப்பிடும் இடத்தில் நான் பெயரின் வாலை, அந்தப் புள்ளி ஜேஎஸ்ஸை, எழுதவில்லை. பழைய வடிவம் அதைத் தானே ஊகித்துக்கொள்ளும். புதிய வடிவம் எழுதினதைத்தான் படிக்கும். என் மெஷினில் இருந்த வேறொரு கருவி எனக்காக அந்த வாலை ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மிஸ் திட்டவில்லை. “இப்ப விளங்குதுதானே?” என்றார். “சரி, தேத்தண்ணி குடிச்சிட்டுத் திருத்தும்.”

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. பிழையைக் கண்டால் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, நம் மேசைக்கு வந்து, நம் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார். ஒன்றும் பேசமாட்டார். நாமே பிழையைக் கண்டுபிடிக்கும் மட்டும் நிற்பார். அது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டம். கண்டுபிடித்துவிட்டால், ஆமாம் என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் “ஓம்,” என்று ஒரு சொல், அவ்வளவுதான். அந்த ‘ஓம்’ கிடைப்பதற்காக நான் நாயாய் உழைத்திருக்கிறேன் என்று சொன்னால் மிகையில்லை.

வெளியீட்டுக்கு முன்னால் செய்யவேண்டியதை மிஸ் ஒரு தாளில் மூன்று கட்டமாக அச்சடித்து வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிடுவோம், பேனாவைத் தூக்கினால் கொஞ்சமாவது யோசிப்போம் என்பது அவர் எண்ணம். முதல் கட்டம், பழைய விதமாகக் கேட்டுப் பார்த்தாயிற்றா. இரண்டாம் கட்டம், புதிய விதமாகக் கேட்டுப் பார்த்தாயிற்றா, வகைக் குறிப்புகள் இரண்டு பக்கமும் சரியாகப் போய்ச் சேர்கின்றனவா. மூன்றாம் கட்டம், ஒரே புரோகிராமுக்குள் இரண்டு விதமாகவும் கேட்டு, ஒரு வழியாக மழையை உள்ளே போட்டு, மற்ற வழியால் எவ்வளவு மழை என்று கேட்டுப் பார்த்தாயிற்றா. இரண்டு பக்கமும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். கீழே இரண்டு கையெழுத்து. சோதித்தவர், வெளியிட்டவர். சோதித்தவர் நான். வெளியிட்டவர் மிஸ்.

மூன்றாம் கட்டம் எதற்கென்று எனக்கு அப்போது பிடிபடவில்லை. “ஒரு ஆளு எதுக்குங்க மிஸ் ஒரே சாமான ரெண்டு வாசல்லயும் நின்னு கேக்கப் போறான்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒரு ஆள் கேக்கமாட்டான். ஒரு புரோகிராமை நாலு பேர் எழுதுவினம். ஆளுக்கொரு வாசலால வருவினம்,” என்றார்.

அந்த இரண்டு அறையில் எங்கள் நாட்கள் எப்படிப் போயின என்பதையும் சொல்ல வேண்டும். வெளியீட்டைப் பற்றி மட்டும் எழுதினால் நான் எதை இழந்தேன் என்று யாருக்கும் விளங்காது. மத்தியானம் மிஸ் புட்டுக் கொண்டுவருவார், நான் ரொட்டியும் சம்பலும். சொல்லிக்கொள்ளாமலே டப்பாவை மாற்றிக்கொள்வோம். எங்கள் சம்பலின் உறைப்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும், ஆனாலும் விடமாட்டார். தேயிலைக்கு நடுவில் பிறந்துவிட்டு நாங்கள் டஸ்ட் தேயிலையை ஊற்றிக் குடிக்கிறோம் என்று அவருக்குச் சிரிப்பு. “நல்லதெல்லாம் உங்க ஊருக்குத்தாங்க மிஸ் அனுப்புறோம்,” என்பேன். “எங்கட ஊருக்கும் வாறேல்லையடியப்பா,” என்பார். மூன்று மணிக்கு மேலே பனிமூட்டம் ஜன்னலை மூடிவிடும், எதிர்க்கடை தெரியாது. அந்த நேரத்தில் இரண்டு பேரும் பேசாமல் வேலை செய்வோம். அவர் விசைகளைத் தட்டுகிற சத்தத்தை வைத்தே அவருக்கு வேலை சரியாகப் போகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் வீட்டில் தனியாக இருக்கும்போது பனி இறங்கினால் அந்தச் சத்தத்துக்காகக் காது தானாகக் கூர்மையாகிறது. எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம். இதை அவரிடம் சொன்னதில்லை. மேலதிகாரியிடம் யார் சொல்வார்கள்?

இனி அந்த வெளியீட்டுக்கு வருகிறேன்.

இரண்டு தடவை மாற்றினோம் என்றேன், ஆனால் அதுவரைக்கும் எங்கள் புதிய வடிவம் முழு வடிவமே இல்லை. அது ஒரு வாசல் மட்டும்தான். யாராவது இம்போர்ட் என்று கேட்டு வந்தால், உள்ளே போய்ப் பழைய வடிவத்தையே எடுத்துக் கொடுக்கும். போன் புரோகிராம் எழுதுகிறவர்கள் இதனால் தேவையில்லாத பாரமும் சேர்ந்து வருகிறது என்று முறைப்பாடு செய்தார்கள். அப்படியானால் புதிய வடிவத்தையும் முழுதாகவே தனியாக மாற்றிக் கொடுப்போம் என்று யோசனை சொன்னது நான். மிஸ் இரண்டு நாள் யோசித்தார். “செய்யலாம். ஆனா மூண்டாவதை வடிவாப் பாரும்,” என்றார்.

வேலை முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் என் தங்கச்சி கமலாவின் மகளுக்குச் சடங்கு. கமலா நான் பிறந்த அதே தோட்டத்தில், கீழ் டிவிசனில், மண்மேட்டுக்குக் கீழே இருக்கும் கடைசி லயத்தில் குடியிருந்தாள். தாய்மாமன் இல்லாத வீடு. சீர்த்தட்டுச் சாமான்களை ஹட்டனில் வாங்கிக்கொண்டு நான்தான் போகவேண்டும். முதல் கட்டம் பார்த்தேன், சரி. இரண்டாம் கட்டம் பார்த்தேன், சரி. மூன்றாவதற்கு அந்தப் பழைய கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இறக்கவேண்டும். நாற்பது நிமிடம் எடுக்கும். அதுவரை எத்தனையோ வெளியீட்டில் மூன்றாவது ஒரு தடவையும் பிழைத்ததில்லை. கீழே கடைத்தெருவில் பூக்காரன் கடையை எடுத்துவைக்கத் தொடங்கியிருந்தான். நான் மூன்றாம் கட்டத்திலும் சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

மிஸ் தாளை வாங்கிப் பார்த்தார். “மூண்டும் பாத்தாச்சோ?”

“பாத்துட்டேங்க மிஸ்.”

அவர் கையெழுத்து வைத்தார். பொதி வெளியே போனது. நான் பூ வாங்க ஓடினேன்.

அதுவரைக்கும் மூன்றாவது பிழைக்காமல் இருந்ததற்குக் காரணம், இரண்டு வாசலும் ஒரே அறைக்குத் திறந்ததுதான். அந்த வெளியீட்டில் முதல் தடவையாக இரண்டு அறையாகிவிட்டது. அந்தச் சோதனை உண்மையில் தேவைப்பட்ட முதல் நாளில்தான் நான் அதைச் செய்யாமல் விட்டேன்.

கமலாவின் தோட்டத்து ஆபீஸில் எங்கள் பொதியை வைத்து ஓடிய புரோகிராம் ஒன்று இருந்தது. மழைமானியை வாசித்துத் திரையில் காட்டுகிற பகுதியைப் புதிதாக எழுதியிருந்தார்கள், அது இம்போர்ட் என்று கேட்டு வாங்கியது. மண் சரியும் அளவுக்கு மழை பெய்தால் எச்சரிக்க, லயங்களுக்கு மேலே கம்பத்தில் கட்டியிருந்த சங்கை ஊதவைக்கிற பகுதி பழையது, அது ரிக்வயர் என்று கேட்டு வாங்கியது. எங்கள் புதிய வெளியீட்டை ஏற்றிய நாளிலிருந்து, அந்த ஒரே புரோகிராமுக்குள் எங்கள் பொதி இரண்டு ஆளாக இருந்தது. ஒரு ஆள் மழையை எண்ணிக்கொண்டிருந்தான். சங்குக்காரன் மற்ற ஆளிடம் காதை வைத்துக் காத்துக்கொண்டிருந்தான். அந்த ஆளுக்கு ஒரு சொட்டு மழையும் போய்ச் சேரவில்லை. பிழை என்று எதுவும் எங்கேயும் எழுதப்படவும் இல்லை.

மூன்றாம் வாரம் மழை பிடித்தது. பின்நேரம் இரண்டு மணி இருக்கும். தோட்டத்துக் கண்டாக்கு ஐயா, அதாவது வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர், தற்செயலாக ஆபீஸுக்குள் போயிருக்கிறார். திரை முழுக்கச் சிவப்பு. சங்குச் சத்தம் இல்லை. இரண்டு நிமிடம் அதையும் இதையும் பார்த்திருக்கிறார். பிறகு குடையையும் எடுக்காமல் மாரியம்மன் கோயிலுக்கு ஓடி மணியை அடிக்கத் தொடங்கிவிட்டார். அந்த மனிதரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

சங்கு ஊதினால் வெளியே ஓடவேண்டும் என்று சனங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். கோயில் மணிக்குப் பழக்கவில்லை. யாருக்கு என்ன பூசை என்று சிலர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார்கள். ஐயா மணியை விட்டுவிட்டுத் தொண்டை கிழியக் கத்திய பிறகுதான் ஓடினார்கள். கமலா மகளை வெளியே தள்ளிவிட்டு, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இருந்த பையை எடுக்கத் திரும்பி உள்ளே போனாள். எங்கள் சனங்களுக்கு அந்தப் பை உயிர் மாதிரி, அது இல்லாவிட்டால் நாம் யாரென்று நிரூபிக்க நாய் படாத பாடு படவேண்டும். பின் சுவரோடு மண் உள்ளே வந்தது. யாரும் சாகவில்லை. கமலாவின் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

கமலாவின் மகள்தான் தொலைபேசியில் கூப்பிட்டாள். “பெரியம்மா, அம்மா மேல செவுரு விழுந்திருச்சு. சங்கு ஊதவே இல்ல பெரியம்மா.” அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு அந்த மூன்றாவது சரி ஞாபகம் வந்தது. கைபேசியை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகாமல், ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தேன். அழித்தேன், இறக்கினேன், நாற்பது நிமிடம். ஒரு வழியாக மழையைப் போட்டேன். மற்ற வழியால் கேட்டேன். பூச்சியம் என்றது.

மிஸ் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“நான் பாக்கலைங்க மிஸ்,” என்றேன். “பாக்காமலே சரி போட்டேன்.”

அவர் ‘ஓம்’ என்று சொல்லவில்லை. “எழும்பும். முதல்ல தங்கச்சிட்டப் போம்,” என்றார். “இதை நான் பாக்கிறன்.”

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர் ஒரே மூச்சில் திருத்தியிருந்தார். மழையை எண்ணி நினைவில் வைக்கும் பகுதியை மட்டும் ஒரே கோப்பாகப் பிரித்து, இரண்டு வடிவமும் அந்த ஒன்றையே எடுக்கும்படி செய்திருந்தார். மற்றதெல்லாம் இரண்டாக இருக்கலாம், நினைவு ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று மேலே குறிப்பும் எழுதியிருந்தார். அந்தக் குறிப்பு போன வருடம் வரைக்கும் அந்தக் கோப்பில் இருந்தது.

கமலாவிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சொன்னேன், என்னால்தான் என்று. “நீ செஞ்சியோ மெசின் செஞ்சிச்சோ, இப்ப என் காலு ஒட்டிக்குமா? அழுவாத, எல்லாரும் பாக்குறாங்க. போய் ஒரு டீ வாங்கிட்டு வா,” என்றாள். அவள் கோபம் அத்தோடு சரி. இன்றைக்கும் சாய்ந்துதான் நடக்கிறாள், அந்த நடையைப் பார்க்கிறபோதெல்லாம் என் மனம் கேட்காது.

தோட்டத்திலிருந்தும் எங்கள் மேலிடத்திலிருந்தும் விசாரிக்க வந்தார்கள். மேசையில் அந்தத் தாள் கிடந்தது. மூன்று சரி, இரண்டு கையெழுத்து. மூன்றாவதை உண்மையில் பார்த்தது யார் என்று மேலிடத்து ஐயா கேட்டார். வாயைத் திறக்கவேண்டியது நான். திறக்கத்தான் நினைத்தேன். ஆனால் கமலாவின் ஆஸ்பத்திரி, அவள் மகளின் பள்ளிக்கூடம், நாற்பத்தேழு வயதில் ஹட்டனில் எனக்கு வேறு எந்த வாசல் திறக்கும் என்பது எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தது.

“வெளியிட்டது நான்,” என்றார் பவானி மிஸ். “இரண்டு வடிவத்தையும் முழுசாப் பிரிக்க அனுமதிச்சதும் நான். சோதனையும் என்ர பொறுப்புத்தான். கையெழுத்துக் கிடக்குது பாருங்கோ.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் பேசாமல் இருந்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த மிக மோசமான காரியம் அந்தச் சரி இல்லை, அந்த மௌனம்தான்.

மாத முடிவில் அவர் போகவேண்டும் என்றாகியது. ஊரில் அம்மா தனியாக இருக்கிறா, எப்படியும் போகத்தான் இருந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். கடைசி நாளில் எனக்கு வெளியிடும் உரிமையைக் கொடுத்தார். எந்த ரயில் என்றும் சொன்னார், காலை ரயில், கொழும்புக்கு. நான் வழியனுப்பப் போகவில்லை. சேலை கட்டித் தயாராகி, வீட்டு வாசல் வரைக்கும் வந்து, என்ன முகத்தோடு போய் நிற்பது என்று திரும்பி உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு தடவையும் பேசவில்லை. இலக்கம் என்னிடம் இருந்தது. எத்தனையோ தடவை கையில் எடுத்திருக்கிறேன். அவர் கூப்பிட்டால் பேசலாம், அவர்தானே கோபப்படவேண்டியவர், கோபம் ஆறினால் கூப்பிடுவார் என்று நாளைக் கடத்தினேன். அவர் கூப்பிடவில்லை. ஆறவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் செய்தேன். பொதிகளை வைத்திருக்கும் பொதுக் களஞ்சியத்தில் ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பானவர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. எங்கள் பொதிக்கு முதல் பெயர் பவானி மிஸ், இரண்டாவது நான். ஒவ்வொரு தடவை வெளியிடும்போதும் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் களஞ்சியமே ஒரு மெயில் அனுப்பும். இன்ன பொதி, இன்ன பதிப்பு, வெளியிட்டது இன்னார் என்று மூன்று வரி. வேலையை விட்டுப் போனவரின் பெயரை அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். உண்மையில் மூன்று கட்டத்தையும் நேர்மையாகப் பார்த்து, கையெழுத்து வைத்து, வெளியிடும் விசையை அழுத்துகிறபோதெல்லாம் ஒரு மெயில் யாழ்ப்பாணத்துக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். பார்க்கிறாரோ, பார்க்காமலே அழிக்கிறாரோ. எனக்கு அது போதும் போலிருந்தது. போதாது என்பதும் தெரியும். வைகாசியில் மழை தொடங்க முன் ஒரு வெளியீடு, அது முடிய ஒரு வெளியீடு, இடையில் சின்னத் திருத்தங்கள். அவசரமே இல்லாத திருத்தத்தையும் சில தடவை வெளியிட்டிருக்கிறேன். நிரோஷா, இதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

எட்டு மாதத்துக்கு முன், என் கடைசி நாள். பொறுப்புகளை நிரோஷாவிடம் ஒப்படைக்கவேண்டும். வேலையில் இல்லாதவர்கள் யாரும் பட்டியலில் இருக்கக்கூடாது என்று கண்டிப்பான விதி வந்திருந்தது, நல்ல விதிதான். இல்லாத ஒருவரின் சாவி களவு போனால் நம் பொதிக்குள் யாரும் எதையும் வைத்துவிடலாம். நிரோஷாவின் பெயரைச் சேர்த்தேன். மிஸ்ஸின் பெயரை எடுத்தேன். எடுக்கவா என்று மெஷின் ஒரு தடவை கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம். எடு என்றேன். எடுக்கப்பட்டவருக்கும் களஞ்சியம் ஒரு மெயில் அனுப்பும். பிறகு என் பெயரையும் எடுத்துவிட்டு, மேசையைத் துடைத்துவிட்டு, டப்பாவைக் கழுவப் போனேன்.

கை ஈரத்தோடு இருக்கும்போதே கைபேசி அடித்தது. ஐந்து வருடமாக அடிக்காத இலக்கம்.

“ஏன் என்னை எடுத்தனீர்?”

வணக்கம் இல்லை, சுகமா இல்லை. அதே குரல்தான். நான் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“விதிங்க மிஸ். நானும் இன்னியோட போறேங்க. என் பேரையும் எடுத்துட்டேன்.”

இதுதான் சமயம் என்று ஐந்து வருடமாகச் சேர்த்துவைத்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். “மிஸ், அன்னைக்கு விசாரணையில நான்தான் சொல்லியிருக்கணும். உங்கள மாட்டிவிட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன். நீங்க கோவப்பட்டது நியாயந்தாங்க.”

“அதுக்கு ஆர் கோவப்பட்டது? அது நான் தெரிஞ்சு செய்தது. உமக்கு வேற இடமில்லை, எனக்கு இருந்தது. ஆனா நீர் ஸ்ரேஷனுக்கு வரேல்லை. ரயில் வெளிக்கிட்ட பிறகும் நான் கதவடியில நிண்டனான். ஸ்ரேஷனையே திரும்பிப் பாத்துப் பாத்து, கொட்டகலைப் பக்கத்து மேகம் முழுக்க எனக்கு மனப்பாடம்.”

நான் அழுதேன். அலுவலகத்தில் எல்லோரும் கதவருகில் வந்து எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன்.

“நீங்க ஒரு போன் எடுத்திருக்கலாமே மிஸ்…”

“நீர் எடுப்பீர் எண்டு இருந்தன். பிறகு மெயில் வரத் தொடங்கினது. சரி, ஆள் இருக்கிறா, வேலை செய்யிறா எண்டு இருந்தன். மழை நேரத்தில ஒரு மாசம் மெயில் வராட்டி எனக்கு ஒண்டும் ஓடாது. பேப்பரை எடுத்து உங்கட பக்கத்துச் செய்தியைத் தேடுவன். பிறகு ஒண்டு வரும், வெளியிட்டது சரோஜா எண்டு. அண்டைக்கு நல்லாச் சாப்பிடுவன். இப்ப அதுவும் இல்லை. இனி நீர் இருக்கிறீர் எண்டு நான் என்னெண்டு அறியிறது?”

“நான் எடுக்கிறேங்க மிஸ்,” என்றேன். “ஞாயித்துக்கிழமை, ஞாயித்துக்கிழமை எடுக்கிறேன்.”

“ஞாயிறு மட்டும் என்னத்துக்கு?” என்றார் பவானி மிஸ். “நாளைக்கு எடும்.”